கம்பிக்கு கீழ டெல்டா: இன்ஜின் பாக்கப் போன டைரி

வியாழன் ராத்திரி, தாம்பரம்

திங்கள் வரைக்கும் லீவு போட்டாச்சு. பொங்கலுக்குத்தான ஊருக்குப் போயிட்டு வந்த, அதுக்குள்ள என்னன்னு ஆபீஸ்ல கேட்டாங்க, அறுப்பு நேரம் சார் வயல்ல வேலை இருக்குன்னு சொன்னேன். பாதி உண்மைதான், வயலும் இருக்கு அறுப்பும் நடக்குது, ஆனா நான் போறது கரண்டு இன்ஜின் பாக்க. வீட்லயே சிரிக்கிறாங்க, வெளிய எப்டி சொல்றது.

உழவன் எக்ஸ்பிரஸ்ல டிக்கெட். என் பெட்டி பின்னாடி எங்கயோ வரும்னு தெரிஞ்சும் பிளாட்பாரத்தோட முன்கோடில போய் நின்னுக்கிட்டேன். வந்தது வாப்-7, ராயபுரம் ஷெட், வெள்ளை உடம்புல சிவப்புப் பட்டை. நம்பர நோட்ல எழுதிட்டு பையத் தூக்கிட்டு ஓடி கெடச்ச கதவுல ஏறி உள்ளயே நடந்து என் பர்த்துக்கு வந்துட்டேன், கீழ் பர்த்து பெரியவர் என்ன தம்பி மூச்சு வாங்குதுன்னு கேட்டாரு, லேட்டாயிடுச்சுங்கன்னு சொல்லி சமாளிச்சேன்.

புதுசா படிக்கிறவங்களுக்கு: டபிள்யூ-ன்னா பிராட்கேஜ், ஏ-ன்னா ஏசி கரண்டு, பி-ன்னா பாசஞ்சர், ஜி-ன்னா கூட்ஸ். வாப்-7ன்னா பாசஞ்சர் இழுக்கிற இன்ஜின்ல ஏழாவது மாடல், 6350 குதிரை சக்தி. வாக்-9 அதோட கூட்ஸ் அண்ணன், 6120. நம்ம பக்கம் இதுக்கு முன்னாடி ஓடுன பொன்மலை ஷெட் டீசல் டபிள்யூடிஎம்-3டி 3300தான். பாதி.

டீசல் ரசிகர்கள் சண்டைக்கு வருவீங்கன்னு தெரியும். புகை இல்ல, உறுமல் இல்ல, இதுல என்னய்யா இருக்குன்னு எத்தனை தடவ கேட்டிருக்கீங்க. எனக்கு அதுல ஒரு பதில் இருக்கு, அது இன்ஜின்ல இல்ல, மேல போற கம்பில இருக்கு. டீசல் தன்னோட சாப்பாட்ட தானே சுமந்துட்டுப் போகும். கரண்டு இன்ஜின் கிட்ட சொந்தமா ஒண்ணும் கெடையாது, கம்பில கரண்டு நின்னா அந்த எடத்துலயே 123 டன் இரும்பு. அதனால இந்த தடவ கம்பியையும் அத பாத்துக்கிற ஆளுங்களையும் சேத்துப் பாக்கணும்னு நெனச்சுதான் போறேன். சின்ன மாமா அந்த வேலைதான் பாக்குறாரு, ஓஎச்இ (மேல போற கரண்டு கம்பி) டிப்போல டெக்னீஷியன். பெரியப்பா கீமேனா, அதாவது தண்டவாளத்த நடந்தே பாத்துட்டு வர்ற ஆளா இருந்து ரிட்டயர்டு ஆனவரு. ரெண்டு பேரையும் புடிச்சு உக்கார வச்சு பேசணும்.

தூங்குறேன்.

வெள்ளி, தஞ்சாவூர்

மயிலாடுதுறை வந்தப்பவே முழிப்பு வந்துருச்சு, அப்பறம் தூக்கம் எங்க. கும்பகோணம் தாண்டி கதவுகிட்ட போய் நின்னேன். தை மாசக் கடைசி பனி, வெளிச்சம் இப்பதான் வருது, பாதி வயல் அறுத்து தாள் மட்டும் நிக்குது மீதி கதிர் சாஞ்சு கெடக்கு, பாபநாசம் பக்கம் அறுப்பு மிஷின் லைட்டு போட்டுட்டு வரப்போரமா நிக்குது, ஈரம் காஞ்சாதான எறங்க முடியும்.

கதவுல நிக்கிறப்ப மேல கம்பிய கவனிச்சுப் பாருங்க (கைப்பிடி விடாதீங்க, தலைய வெளிய நீட்டாதீங்க). கம்பி நேராப் போகாது. ஒரு மாஸ்ட்ல (கம்பிய தாங்குற கம்பம்) இடது பக்கம் 20 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் அடுத்த மாஸ்ட்ல வலது பக்கம் 20, இப்டி கோணலும் மாணலுமாதான் போட்டிருப்பாங்க. ஸ்டாகர்னு சொல்லுவாங்க. நேரா போட்டா, இன்ஜின் கூரையில கம்பிய உரசிட்டு வர்ற பேண்டோகிராப்ல இருக்குற கார்பன் பட்டை ஒரே எடத்துல தேஞ்சு பள்ளம் விழுந்துரும், இப்டி போட்டா பட்டை முழுக்க சமமா தேயும். இது தெரிஞ்ச நாள்லேர்ந்து எனக்கு ஜன்னல் சீட்டுல உக்காந்தா வயல் தெரியிறதில்ல, கம்பிதான் தெரியுது.

தஞ்சாவூர்ல எறங்கி டீ குடிச்சிட்டு நேரா கூட்ஸ் ஷெட் பக்கம். உள்ள போகல, வெளி ரோட்லேர்ந்தே நல்லாத் தெரியும். நெல்லு லோடு நடக்குது. சம்பா வரத்து ஆரம்பிச்சுட்டா டெல்டால எந்த ஸ்டேஷன் பக்கம் போனாலும் இதான் காட்சி, கொள்முதல் நிலையத்துலேர்ந்து லாரி லாரியா வந்து நிக்கும், இங்கேர்ந்து அரவைக்கு வெளி மாவட்டத்துக்குப் போகும். 42 வேகன், கிட்டத்தட்ட 2000 டன். மூட்டை 40 கிலோ. கணக்கு போட்டுப் பாருங்க, ஒரு ரயிலுக்கு ஐம்பதாயிரம் மூட்டை, அவ்வளவும் மனுஷன் தோள்ல தான் லாரிலேர்ந்து வேகனுக்குள்ள போகுது. 6120 குதிரை சக்தி வந்து இழுக்கறதுக்கு முன்னாடி நடக்கிற வேலை இது, இத யாரும் போட்டோ எடுக்கிறதில்ல, நானும் இது வரைக்கும் எடுத்ததில்ல.

டீக்கடையில சுமை தூக்குற அண்ணன் ஒருத்தர் பக்கத்துல வந்து உக்காந்தாரு. நான் வாக்-9 வருமான்னு பாத்துட்டு இருக்கேன்னு சொன்னேன்.

"எந்த இன்ஜின் வந்தா எனக்கென்ன தம்பி. டீசல் வந்தா பொகை அடிக்கும், இது வந்தா அடிக்காது. மூட்டை அதே நாப்பது கிலோதான்."

அதுக்கு மேல பேச என்கிட்ட ஒண்ணும் இல்ல. அவருக்கு ஒரு டீ சொன்னேன், அவரு எனக்கு வடை சொன்னாரு.

மத்தியானத்துக்கு மேல வாக்-9 வந்துச்சு. அத விட நான் பாத்துட்டு இருந்தது வேற ஒண்ணு, லோடு லைன்ல கம்பி வர்ற எடத்துல ஐசொலேட்டர் சுவிட்ச் ஒண்ணு இருக்கும், கம்பத்துல கைப்பிடி, அதுக்கு பூட்டு. தேவப்பட்டா அந்த லைனுக்கு மட்டும் கரண்ட நிறுத்திக்கலாம். மத்த நேரம் எல்லாம் மேல 25 ஆயிரம் வோல்ட் ஓடிட்டுதான் இருக்கும். இத ஏன் சொல்றேன்னா, நின்னுட்டு இருக்குற கூட்ஸ் மேல ஏறி செல்பி எடுக்கிற பசங்க நெறைய பேர் கம்பிய தொட்டா தானேன்னு நெனைக்கிறாங்க. தொடவே வேணாம். பக்கத்துல போனாலே பாஞ்சுரும். கம்பிலேர்ந்து ரெண்டு மீட்டர் தள்ளி இருக்கணும்ங்கறது ரயில்வே ஆளுங்களுக்கே ரூல், வேகன் மேல ஏறி நின்னா அந்த ரெண்டு மீட்டர் எங்க இருக்கும்.

ராத்திரி மாமா வீடு. அத்தை வாழக்காய் பஜ்ஜி போட்டாங்க. மாமா நாளைக்கு நைட் பிளாக் இருக்கு மாப்ள, வர்றியான்னாரு (பிளாக்னா வண்டியையும் கரண்டையும் நிறுத்திட்டு லைன்ல வேலை பாக்குற நேரம்). கேக்கணுமா.

சனி, கும்பகோணம் - மயிலாடுதுறை

பகல் பூரா சும்மா லைன்ல மேலயும் கீழயும் போயிட்டு வந்தேன். காலையில ஒரு பாசஞ்சர், முன்னாடி ஈரோடு வாப்-4! இத தேடித்தான் நான் பாதி தூரம் வந்ததே. 1993 வாக்குல சித்தரஞ்சன்ல செய்ய ஆரம்பிச்சு 2015 வரைக்கும் செஞ்சாங்க, இப்ப புதுசு கெடையாது, இருக்குறது ஓடுற வரைக்கும்தான்.

வாப்-4 பிளாட்பாரத்துல நிக்கும்போது பக்கத்துல போய் நில்லுங்க. உள்ள ஆர்னோன்னு ஒரு மிஷின் சுத்திட்டே இருக்கும், கம்பில வர்ற சிங்கிள் பேஸ் கரண்ட மூணு பேஸா மாத்தி ப்ளோயர் கம்ப்ரசர் எல்லாத்துக்கும் குடுக்கிறது அதான், அந்த ரீங்காரம் அடித்தொண்டையில இருக்கும், அது மேல ப்ளோயர் காத்து. கிளம்புறப்ப லோகோ பைலட் நாட்ச் ஏத்த ஏத்த, மோட்டாருக்குப் போற வோல்டேஜ கூட்டுற டேப் சேஞ்சர் ஒவ்வொரு படியா ஏறும், மொத்தம் 32 படி, காதை வச்சுக் கேட்டா டக் டக்னு எண்ணலாம். டீசல்காரங்க இதுக்கு ஆத்மா இல்லங்கறாங்க! வாப்-7 வாக்-9ல டேப் சேஞ்சர் கெடையாது, எல்லாம் எலக்ட்ரானிக்ஸ், பழைய ஜிடிஓ வகை கன்வர்ட்டர் இருக்குற வண்டின்னா கிளம்புறப்ப சத்தம் ஒவ்வொரு ஸ்வரமா ஏறும், நரசிங்கம்பேட்டைல நாதஸ்வரம் செய்றவங்க துளை சரியா இருக்கான்னு ஊதிப் பாப்பாங்களே அப்டி. அந்த ஊரு இதே லைன்ல ஆடுதுறைக்கும் குத்தாலத்துக்கும் நடுவுல இருக்குங்கறது எனக்குப் பிடிச்ச விஷயம்.

தஞ்சாவூர்லேர்ந்து மயிலாடுதுறை, விழுப்புரம் வரைக்கும் இன்னும் சிங்கிள் லைன்தான். வேகமா போகணும்னு நெனைக்கிறவங்களுக்கு அது கஷ்டம், இன்ஜின் பைத்தியத்துக்கு வரம். எதிர்ல வண்டி வர்ற வரைக்கும் லூப்ல (ஒதுங்கி நிக்கிற பக்கத்து லைன்) நிக்கும், எறங்கி இன்ஜின் பக்கம் போயி சாவகாசமா பாக்கலாம். திருவிடைமருதூர்ல அப்டி நின்னப்ப பாயின்ட்ஸ்மேன் ஒருத்தர் பச்சைக் கொடிய சுருட்டி கக்கத்துல வச்சிட்டு பிளாட்பாரத்துக்கு எதிர்ப்பக்கம் போயி நின்னாரு. எதிர்ல வர்ற எக்ஸ்பிரஸ் நிக்காம தாண்டுது, இந்தப் பக்கம் ஸ்டேஷன் மாஸ்டர் அந்தப் பக்கம் இவரு, ரெண்டு பேரும் ஓடுற வண்டிய ரெண்டு பக்கமும் பாக்குறாங்க, சக்கரத்துல பொகை வருதா ஏதாவது தொங்குதா கதவு ஆடுதான்னு. எல்லாம் சரின்னா கொடிய காட்டணும், உள்ளேர்ந்து லோகோ பைலட்டும் கடைசி பெட்டிலேர்ந்து கார்டும் பதிலுக்கு காட்டணும் (கார்டுன்னு சொல்லக்கூடாது இப்ப, 2022லேர்ந்து டிரெயின் மேனேஜர், ஆனா யாரும் மாத்திக்கல). பத்து செகண்டு வேலை. ஒரு நாளைக்கு எத்தன வண்டி, ஒவ்வொண்ணுக்கும்.

மயிலாடுதுறைல மத்தியானம் சாப்பாடு. ஒரு அசிஸ்டென்ட் லோகோ பைலட் தம்பி டூட்டி முடிச்சு ரன்னிங் ரூம் போற வழியில டீ குடிச்சிட்டு இருந்தாப்ல, பேச்சுக் குடுத்தேன். டூட்டி ஏறுறதுக்கு முன்னாடியும் முடிச்சப்பறமும் குடிக்கலன்னு மிஷின்ல ஊதிக் காட்டணும், ஒவ்வொரு சிக்னலையும் ரெண்டு பேரும் வாய் விட்டு சொல்லணும், சொல்லி சொல்லி தொண்டை போயிருதுண்ணேங்குறாப்ல. வாப்-4ஆ வாப்-7ஆன்னு கேட்டேன். யோசிக்கவே இல்ல.

"செவன்ணே. கேப் நல்லாருக்கும். வாப்-4ல கோளாறு வந்தா நான்தான உள்ள காரிடார்ல போய் ரிலே பாக்கணும். இதுல ஸ்கிரீன்லயே என்ன கோளாறுன்னு எழுதிக் காட்டிரும்."

ரசிகனுக்கு ஒரு கட்சி, ஓட்டுறவனுக்கு ஒரு கட்சி.

ஜங்ஷனுக்கு வெளிய தரங்கம்பாடி லைன் போன வழி இருக்கு. 1926ல போட்ட மீட்டர்கேஜ், 1986ல மூடுனது. இன்னொரு நாள் அது வழியா நடக்கணும். இப்ப நேரமில்ல, மாமா போன் மேல போன்.

சனி ராத்திரி, அம்மாபேட்டை தாண்டி ஒரு கேட்

இத கொஞ்சம் நீளமா எழுதப்போறேன், சலிச்சவங்க அடுத்த நாளுக்குப் போயிருங்க.

நான் நின்னது கேட்டுக்கு வெளிய ரோட்ல, டீ பிளாஸ்க்கும் கொசுவும் தொணை. டவர் கார் வந்து நின்னுச்சு. அது ஒரு தனி வண்டி, டீசல்ல ஓடும், கூரை மேல மேடை தூக்கிக்கிட்டு மேல போகும். டீசல்ல ஏன்னு கேக்காதீங்க, கரண்ட நிறுத்திட்டு வேலை செய்யப்போற வண்டி கரண்டுலயா ஓடும்.

மொதல்ல திருச்சியில இருக்குற டிபிசிக்கு போன், அதாவது டிராக்‌ஷன் பவர் கன்ட்ரோலர். எந்த கிலோமீட்டர்லேர்ந்து எந்த கிலோமீட்டர் வரைக்கும் பவர் பிளாக் வேணும்னு கேக்கணும். அவங்க அங்கேர்ந்தே பிரேக்கர தொறந்து கரண்ட நிறுத்திட்டு ஒரு நம்பர் குடுப்பாங்க, அத எழுதிக்கணும், திருப்பி வாசிச்சுக் காட்டணும். நம்பர் வந்துருச்சுன்னு உடனே மேல ஏற முடியாது. டிஸ்சார்ஜ் ராட்னு நீளமான கம்பு, மொதல்ல அடிப்பக்கத்து கிளாம்ப தண்டவாளத்துல இறுக்கணும், அப்பறம்தான் மேல் கொக்கிய கம்பில மாட்டணும். மாத்தி பண்ணவே கூடாது. வேலை நடக்கிற எடத்துக்கு ரெண்டு பக்கமும் அப்டி மாட்டுனப்பறம்தான் மேடைல ஆள் ஏறலாம்.

"கரண்டு இல்லன்னு பேப்பர் சொல்லும் மாப்ள, ராடு மாட்டுனாதான் நான் நம்புவேன்." மாமா இத எனக்கு சின்ன வயசுலேர்ந்து சொல்லிட்டு இருக்காரு, அன்னைக்குதான் கண்ணால பாத்தேன்.

மேல என்ன வேலைன்னா, கம்பியோட கனம் அளக்குறது. காண்டாக்ட் ஒயர் புதுசுல 12.24 மில்லிமீட்டர், பேண்டோ உரசி உரசி அடிப்பக்கம் தேயும், 8.25க்கு வந்தா மாத்திடணும். அப்பறம் உயரம், ஸ்டாகர், டிராப்பர் (கம்பியப் புடிச்சுத் தூக்கி நிறுத்துற சின்னக் கம்பி) தொங்குதா, இன்சுலேட்டர்ல கீறல் இருக்கா. ஒவ்வொரு மாஸ்ட்டா. ஒருத்தர் அளவு சொல்றாரு கீழ ஒருத்தர் நோட்ல எழுதுறாரு, குளிருக்கு மப்ளர் கட்டிட்டு. கம்பியும் வெயில்ல நீளும் குளிர்ல சுருங்கும், அதனால கோடியில கப்பி போட்டு எடைக்கல்ல கட்டித் தொங்க விட்டிருப்பாங்க, கம்பி நீண்டா கல்லு எறங்கும் சுருங்கினா ஏறும், இழுவிசை எப்பவும் அதே ஆயிரம் கிலோ. நீங்க ரயில்ல போறப்ப சில மாஸ்ட்ல அடுக்கடுக்கா வட்டக் கல்லு தொங்குறத பாத்திருப்பீங்க, அதான் இது.

டெல்டால பெரிய தொல்லை மரம்னாரு. தென்னை, மூங்கில். தென்னை மட்டை காத்துல கழண்டு கம்பி மேல வந்து படுக்கும், மூங்கில் கொத்து ஒரே மழையில ரெண்டடி வளந்து சாயும். வெட்டலாம்னு போனா தோட்டக்காரர் வந்து நிப்பாரு, காய்க்கிற மரம்யா இதுன்னு. அவரு சொல்றதும் நியாயம்தான், 2018 கஜால விழுந்த தோப்ப திருப்பி வளத்து இப்பதான் காய் பாக்குறாங்க. பேசி பேசித்தான் வெட்டணும், இது எந்த மேனுவல்லயும் இல்லங்குறாரு. இன்னும் கொஞ்ச நாள்ல காக்கா சீசன். காக்கா சுள்ளியில மட்டும் கூடு கட்டுனா பரவால்ல, கட்டட வேலை நடக்கிற எடத்துலேர்ந்து கட்டுக்கம்பி தூக்கிட்டு வந்து இன்சுலேட்டருக்கு குறுக்க செருகும், அப்பறம் டிரிப்பு, அதாவது கரண்டு தானா கட்டாயிடும்.

நியூட்ரல் செக்‌ஷன் பத்தி கேட்டேன். சப் ஸ்டேஷன்லாம் 40, 50 கிலோமீட்டருக்கு ஒண்ணு, அரசாங்க கிரிட்டுலேர்ந்து 110 ஆயிரம் வோல்ட் வாங்கி 25 ஆயிரமா எறக்கிக் குடுக்கும். கிரிட்டுல மூணு பேஸ், கம்பிக்கு சிங்கிள் பேஸ்தான் வேணும், ஒரே பேஸ்லயே எல்லா சப் ஸ்டேஷனும் எடுத்தா கிரிட்டு ஒரு பக்கமா சாஞ்சுரும்னு பக்கத்து பக்கத்து சப் ஸ்டேஷன் வேற வேற பேஸ் எடுக்கும். அந்த ரெண்டு கரண்டும் ஒண்ணோட ஒண்ணு சேரக்கூடாது, அதனால நடுவுல கரண்டே இல்லாத ஒரு துண்டு. 500 மீட்டர் முன்னாடியே போர்டு, 250ல இன்னொண்ணு, லோகோ பைலட் டிஜேவ (இன்ஜினோட மெயின் பிரேக்கர்) தொறந்துட்டு வந்த வேகத்துலயே உருண்டு அந்தப் பக்கம் போயி மூடணும். இன்ஜின்லேர்ந்தே பெட்டிக்கு கரண்டு குடுக்கிற எல்எச்பி (புது மாடல் பெட்டி) வண்டியில ஏசி கோச்ல போறப்ப ஏசி காத்து சட்டுனு நின்னு கொஞ்ச நேரத்துல திரும்ப வரும் பாருங்க, ஏசி ரிப்பேர்னு அட்டெண்டர திட்டாதீங்க, நியூட்ரல் செக்‌ஷன் தாண்டிருக்கீங்க.

பிளாக் முடிய இன்னும் இருபது நிமிஷம் இருக்கப்பவே ஆளுங்கள எறக்கிட்டாங்க. ஆள், சாமான் எல்லாம் எண்ணி, ராட கழட்டி (இப்ப மேல் கொக்கி மொதல்ல), டிபிசிக்கு நம்பர திருப்பிக் குடுத்தாச்சு. கரண்டு வந்ததுக்கு ஒரு அடையாளமும் இல்ல. லைட்டு எரியல, சத்தம் இல்ல. கம்பி அதே கம்பிதான், ஆனா நான் தன்னால ரெண்டு அடி பின்னாடி நகந்துட்டேன்.

ஞாயிறு, நீடாமங்கலம் - கொரடாச்சேரி

லேட்டா எழுந்தேன். நீடாமங்கலம் கேட்டுக்குப் போனேன், டெல்டால கேட்டுன்னா இதான் கேட்டு, தெரியாதவங்க கெடையாது. தஞ்சாவூர் திருவாரூர் லைனும் மன்னார்குடி லைனும் சேர்ற எடம், மன்னார்குடி லைன் 2011ல திரும்ப ஓட ஆரம்பிச்சதும் இன்ஜின் திருப்பி மாட்டுறது, நெல்லு கூட்ஸ் ஷண்டிங்னு எல்லாத்துக்கும் கேட்டு எறங்கும். பஸ்ஸுல உள்ளவங்க உச்சு கொட்டுறாங்க, நான் மட்டும் ஈன்னு பல்லக் காட்டிட்டு நிக்கிறேன். கரண்டு இன்ஜினுக்கு ரெண்டு பக்கமும் கேப் இருக்குறதால திருப்ப வேண்டியதில்ல, கழட்டி, சைடு லைன்ல ஓடி, அந்தப் பக்கம் வந்து மாட்டிக்கும், லோகோ பைலட் பையத் தூக்கிட்டு ஒரு கேப்லேர்ந்து இன்னொரு கேப்புக்கு நடந்து போவாரு. பால்திரட்டு வாங்கிட்டேன் அத்தைக்கு.

அப்பறம் கொரடாச்சேரி, பெரியப்பா. எழுவது தாண்டியாச்சு, நடை இன்னும் கீமேன் நடைதான், தரையப் பாத்துட்டே நடப்பாரு. வீட்டுக்கு கொஞ்ச தூரத்துல கேட்டு, சாயங்காலம் அங்க போயி உக்காந்தோம்.

கேட்டுக்கு ரெண்டு பக்கமும் ரோட்ல ஹைட் கேஜ் நிக்கும்ல, இரும்புச் சட்டம். கம்பிக்கு அடியில உயரமான லோடு போகக்கூடாதுன்னு. ஒரு லாரி மேல அறுப்பு மிஷின ஏத்திட்டு வந்தவரு, சேலம் பக்கத்து ஆளு பேச்சுலயே தெரிஞ்சுது, சட்டத்துக்கு முன்னாடி நிறுத்திட்டு எறங்கிப் பாக்குறாரு, போகுமா போகாதான்னு. நெல் கொட்டுற குழாய மடக்கிப் பாத்தாரு, அப்பவும் நாலு விரக்கடை இடிக்கும் போல இருக்கு. கேட்மேன் உள்ளேர்ந்தே குரல் குடுத்தாரு, "அண்ணே மிஷின எறக்கி ஓட்டிட்டு வாங்க, லாரி தனியா வரட்டும், அதுக்குள்ள வண்டி சொல்லிட்டாங்க, கேட்டு போடப்போறேன்." போன் வந்துச்சு, ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட நம்பர் மாத்திக்கிட்டாரு, கேட்டு எறங்குச்சு. இப்ப லாரி, மிஷின், வைக்கோல் டிராக்டர், ஸ்கூட்டியில ஒரு குடும்பம், நாங்க. எல்லாரும் அந்த சேலத்துக்காரருக்கு ஆளுக்கொரு யோசனை.

பெரியப்பா மீட்டர்கேஜ் ஆளு. அவரு வேலைக்கு வந்தப்ப ஒய்பி நீராவி இன்ஜின், அப்பறம் ஒய்டிஎம்-4 டீசல். கரண்டு இன்ஜின மொதல்ல எங்க பாத்தீங்கன்னு கேட்டேன், விழுப்புரம்னாரு. நம்மள்ல பாதி பேருக்கு இது தெரியாது, மீட்டர்கேஜ்லயே கரண்டு இன்ஜின் ஓடிருக்கு, ஒய்ஏஎம்-1ன்னு ஜப்பான்லேர்ந்து வந்தது, எழும்பூர்லேர்ந்து விழுப்புரம் வரைக்கும் அது இழுத்துட்டு வரும், அங்க கழட்டிட்டு நம்ம பக்கத்துக்கு நீராவி. கடற்கரை தாம்பரம் லைன்ல 1931லேர்ந்தே கரண்டு. டெல்டாவுக்கு கம்பி வர அதுக்கப்பறம் கிட்டத்தட்ட தொண்ணூறு வருஷம் ஆயிருக்கு!

"தண்டவாளம் ஒடஞ்சிருந்தா என்ன பண்ணுவீங்க பெரியப்பா?"

"செவப்புக் கொடிய நட்டுட்டு வண்டி வர்ற பக்கமா ஓடணும். நம்ம காலத்துல 400 மீட்டர்ல ஒரு டெட்டனேட்டர், தண்டவாளத்துல வைக்கிற எச்சரிக்கை வெடி, 800ல மூணு. இப்ப பிராட்கேஜ்ல 600, 1200ன்னு ஓடுறாங்க. ஓடுறப்ப செருப்பு அறுந்தா அத தேடிட்டு நிக்கக் கூடாது, அவ்வளவுதான்."

கம்பி வந்தப்பறம் கீமேனுக்கு என்ன மாறுச்சுன்னு கேட்டா மாமா மாதிரியே அவருக்கும் கண்ணு பெருசாகுது, ரிட்டயர்டு ஆனப்பறமும் இப்ப இருக்குற பசங்ககிட்ட கேட்டுக் கேட்டு தெரிஞ்சு வச்சிருக்காரு. கரண்டு மேல் கம்பி வழியா இன்ஜினுக்கு வந்துட்டு திரும்பிப் போறது தண்டவாளம் வழியாதான், தண்டவாளம்தான் நியூட்ரல். அதனால மாஸ்ட்டுக்கும் தண்டவாளத்துக்கும் பட்டை போட்டு இணைச்சிருப்பாங்க, பாண்டு. ஒரு தண்டவாளத்த அறுத்து மாத்தணும்னா மொதல்ல ரெண்டு பக்கத்தையும் கேபிள் போட்டு சேத்துட்டுதான் அறுக்கணும், இல்லன்னா அந்த இடைவெளில கைய வச்சவன் கதி அதோகதி. கிளிப் கழண்டிருக்கா, ஜல்லி எறங்கிருக்கான்னு பாத்துட்டு போன கீமேன் இப்ப பாண்டு இருக்கான்னும் பாக்கணும், ஏன்னா செம்பு அலுமினியம்னு நெனச்சு இரும்புப் பட்டையக்கூட கழட்டிட்டு போறவங்க இருக்காங்க.

வண்டி வந்துச்சு, வாப்-7. நான் இன்ஜினப் பாத்தேன், பெரியப்பா சக்கரத்துக்கு அடியில தண்டவாளம் எவ்ளோ அமுங்குதுன்னு பாத்தாரு. "அந்த மூணாவது கட்டைக்கு கீழ ஜல்லி இடிக்கணும்"னாரு. கேட்மேன் சிரிச்சுட்டே, சொல்லிட்டோம் பெரியவரேன்னாரு. கேட்டு தொறந்ததும் மிஷின் எறங்கி உறுமிட்டே கம்பிக்கு அடியில தாண்டிருச்சு, லாரி பின்னாடியே காலியா.

திங்கள், நாகூர்

கடைசி நாள். திருவாரூர்ல மாறி நாகப்பட்டினம். தென்னாட்டு ரயில் சரித்திரத்துல இந்த ஊரோட எடம் பெருசு, சத்தமில்லாம இருக்கு. கிரேட் சதர்ன் ஆப் இந்தியா ரயில்வே 1861ல நாகப்பட்டினம் தஞ்சாவூர் லைன் தொறந்தாங்க, அடுத்த வருஷம் திருச்சி. அதுவும் பிராட்கேஜ்! அப்பறம் 1875 வாக்குல அத சுருக்கி மீட்டர்கேஜ் ஆக்குனாங்க, நூத்துச் சொச்சம் வருஷம் கழிச்சு திரும்ப அகலப்படுத்துனாங்க. ஒரே கரையில மூணு தடவ தண்டவாளம். ஒர்க்‌ஷாப்பும் இங்கதான் இருந்துச்சு, 1928ல பொன்மலைக்குப் போச்சு.

நாகூர்ல எறங்கினதும் உப்புக்காத்து. இங்க மாஸ்ட்ல உள்ள இன்சுலேட்டர மாமா சொன்ன கண்ணோட பாத்தேன். கடக்காத்துல வர்ற உப்பு அது மேல படியும், காஞ்சிருக்குற வரைக்கும் ஒண்ணும் ஆகாது. மழை அடிச்சா கழுவிட்டுப் போயிரும், அதுவும் நல்லது. வில்லன் பனிதான். விடியக்காலை பனி எறங்கி உப்ப லேசா நனைக்கும், கழுவற அளவுக்கு தண்ணி இல்ல, கரண்டு வழி கண்டுபிடிக்கற அளவுக்கு ஈரம் இருக்கு, மேல ஒரு நீல கோடு ஓடி டிரிப்பு. அதனால கடலோரத்துல பிளாக் போட்டு துணியால தொடைக்கிற வேலை தனியா இருக்கு. தை, மாசி பனிய ரசிச்சு போட்டோ எடுத்துட்டு இருந்தேன் இத்தனை வருஷம். மாமா டீமுக்கு அது தலைவலி மாசம்.

காரைக்கால் துறைமுகத்துலேர்ந்து நிலக்கரி ரேக் ஒண்ணு சாயங்காலம் கிளம்பி வந்துச்சு. 58 பாக்ஸ்என் (மேல் மூடாத) வேகன், கரி மட்டுமே 4000 டன் பக்கம் வரும்னு கணக்கு, முன்னாடி வாக்-9. லூப்ல நின்னு சிக்னல் விழுந்ததும் எடுத்தான் பாருங்க, மெதுவா, ஒவ்வொரு கப்ளிங்கா இறுகுற சத்தம் முன்னாடிலேர்ந்து பின்னாடி வரைக்கும் ஓடி வருது, கடைசி வேகன் அசையிறதுக்குள்ள இன்ஜின் கொஞ்ச தூரம் போயிருச்சு. புகை சுத்தமா இல்ல. மேல மட்டும் கம்பி லேசா ஆடுது. டீசல் நண்பர் ஒருத்தருக்கு வீடியோ அனுப்புனேன், "கரியையே கரண்டு இன்ஜின்தான் இழுக்குது, அந்தக் கரி கரண்டு ஆகி திரும்ப கம்பிக்கே வருது, சிரிப்பா இருக்குடா"ன்னு பதில் போட்டான். தப்பு சொல்ல முடியல. கரண்டு இன்ஜின் சுத்தமா இல்லையாங்கறத கம்பியோட மறு நுனில என்ன எரியுதுங்கறதுதான் முடிவு பண்ணும், அத ஒத்துக்கணும். ஆனா அவன் டீசல் ஆளு, அவன் இத சொல்லக்கூடாது.

பேரளம் காரைக்கால் லைன் பாக்கணும்னு ஆசை, திருநள்ளாறு வழியா 23 கிலோமீட்டர், ரொம்ப வருஷம் மூடிக் கெடந்தத திரும்ப போட்டிருக்காங்க, நேரம் பத்தல. அடுத்த தடவ பெரியப்பாவையும் கூட்டிட்டு போறேன், கட்டைக்கு அடியில ஜல்லி எப்டி இருக்குன்னு அவரு சொல்லட்டும்.

கம்பன் எக்ஸ்பிரஸ்ல ஏறியாச்சு. சார்ஜ் கம்மியா இருக்கு, சார்ஜர் பாய்ன்ட்ல பக்கத்து சீட்டு அக்கா போன் போட்டிருக்காங்க. போட்டோவெல்லாம் நாளைக்கு சாயங்காலம் ஏத்துறேன், வாப்-4 சத்தம் ரெக்கார்ட் பண்ணதும் இருக்கு, ஹெட்போன் போட்டுக் கேளுங்க.